தோமையார் திருப்பயண வழி: மயிலாப்பூர் முதல் பரங்கிமலை வரை

தோமையார் திருப்பயண வழி என்பது இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களுள் ஒருவரான புனித தோமாவின் நினைவிடங்களை இணைக்கும் பழைய யாத்திரைப் பாதை ஆகும். இது மயிலாப்பூர்க் கடற்கரையிலுள்ள சாந்தோமில் தொடங்கி, அடையாற்றைக் கடந்து, சின்னமலை வழியாகப் பரங்கிமலை எனப்படும் புனித தோமையார் மலையில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இன்று இப்பாதை முழுவதும் சென்னை மாநகருக்குள் அடங்கியிருந்தாலும், பரங்கிமலை நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. மலைமேல் உள்ள ஆலயம் இன்றும் செங்கல்பட்டு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கீழ்தான் இருக்கிறது.

இவ்வழியில் உள்ள கோயில்கள் பழமையானவை என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் இன்று கண்ணுக்குத் தெரியும் கட்டடங்களில் போர்த்துக்கேயர் வருகைக்கு, அதாவது 16ஆம் நூற்றாண்டுக்கு, முற்பட்டது எதுவும் இல்லை. இடைக்காலத்திலிருந்து எஞ்சியிருப்பவை ஒரு கற்சிலுவை, அயல்நாட்டுப் பயணிகளின் சில குறிப்புகள், மக்கள் நடந்துவந்த தடம் ஆகிய மூன்றே. இவற்றில் எது மரபு, எது சான்று என்பதைப் பிரித்தறிந்தால்தான் இவ்வழியின் வரலாறு விளங்கும்.

நிலப்பகுதி

பாலாற்றின் முகத்துவாரத்துக்கு வடக்கே சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம், மயிலாப்பூர் என்று நீளும் கடற்கரை பல்லவர் காலம் முதலே கடல் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. இக்கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகளே ஆட்களையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இக்கரையை அணுகுவது ஆபத்தானது. எனவே கடல்வழி வந்த யாத்திரிகரின் பயணத்தைக் காற்றின் பருவமே முடிவுசெய்தது.

கரை தாழ்வான மணல்வெளி என்பதால், உயர்ந்து நிற்கும் எதுவும் மாலுமிகளுக்கு அடையாளமாயிற்று. மாமல்லபுரத்துக் கோயில்களைக் கண்டு பிற்கால ஐரோப்பிய மாலுமிகள் அவ்வூரை ஏழு கோயில்கள் என்ற பொருளில் அழைத்தனர். அங்கிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் மயிலாப்பூர். அதற்கு மேற்கே சமவெளியில் தனித்து நிற்கும் பரங்கிமலை சுமார் 300 அடி உயரமே உடையது. ஆயினும் சுற்றிலும் மேடு இல்லாததால் தொலைவிலிருந்தே தெரியும்.

மரபு கூறும் செய்தி

கேரளத்திலும் தமிழகத்திலும் வழங்கும் கிறித்தவ மரபின்படி, தோமா கி.பி. 52இல் மலையாளக் கரையில் வந்திறங்கினார். பின்னர் கிழக்குக் கரைக்கு வந்து மயிலாப்பூரில் போதித்தார். சின்னமலைக் குகையில் மறைந்து வாழ்ந்தார். கி.பி. 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார். அவருடைய உடல் மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டது. திருப்பயண வழி இந்தக் கதையின் வரிசையைப் பின்பற்றியே அமைந்துள்ளது.

எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையது சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்னும் நூல். இது 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தோமா இந்தியாவுக்குச் சென்றதையும், மஸ்தை என்னும் அரசனின் நாட்டில் கொல்லப்பட்டதையும், எலும்புகள் பின்னர் மேற்கு நாட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டதையும் அது கூறுகிறது. ஆனால் மயிலாப்பூர் என்ற பெயர் அதில் இல்லை. திருத்தூதரின் எலும்புகள் எதெசா நகரில் (இன்றைய துருக்கியில் உள்ள உர்ஃபா) வைத்து வணங்கப்பட்டன. பின்னர் அவை கியோசு தீவுக்கும், 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்கும் சென்றதாக மேற்கு மரபு கூறுகிறது. ஆகவே மயிலாப்பூர், உடல் முதலில் அடக்கம் செய்யப்பட்ட இடம் என்ற நிலையிலேயே பெருமை பெற்றது.

இடைக்காலப் பயணிகள்

6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டுத் தூர் நகர ஆயர் கிரெகோரி, தியோதோர் என்பவர் சொல்லக் கேட்ட செய்தியைப் பதிவுசெய்தார். தோமாவின் உடல் முதலில் இருந்த இந்திய ஊரில் ஒரு மடமும் பெரிய கோயிலும் உள்ளன என்றும், அங்கே விளக்கு அணையாமல் எரிகிறது என்றும் அவர் எழுதினார். ஊரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. அதே நூற்றாண்டில் இந்தியக் கடற்கரைக் கிறித்தவர்களைப் பற்றி எழுதிய கோசுமாசு என்னும் வணிகர், மலையாளக் கரையையும் இலங்கையையும் சொல்கிறார். மயிலாப்பூரைச் சொல்லவில்லை.

'ஆங்கிலோ சாக்சன் வரலாற்றுக் குறிப்பு' 883ஆம் ஆண்டின் கீழ், மன்னர் ஆல்பிரட் இந்தியாவிலுள்ள தோமாவுக்கும் பர்த்தலமேயுவுக்கும் காணிக்கை அனுப்பியதாகக் கூறுகிறது. தூதர்கள் உண்மையில் இந்தியாவை அடைந்தார்களா என்பது அறிஞர்களிடையே விவாதத்துக்குரியது. எனினும், தோமாவின் இந்தியக் கல்லறை இங்கிலாந்து வரை அறியப்பட்டிருந்தது என்பதை அது காட்டுகிறது.

மயிலாப்பூர் பற்றிய தெளிவான செய்திகள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகின்றன. சீனாவுக்குச் செல்லும் வழியில் இத்தாலியப் பிரான்சிஸ்கன் துறவி மோந்தேகொர்வினோ ஜான், 1291 வாக்கில் இந்தியாவில் 13 மாதங்கள் தங்கினார். புனித தோமா கோயில் இருந்த நாட்டில் ஏறத்தாழ 100 பேருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவர் தம் கடிதத்தில் எழுதினார். உடன் வந்த பிஸ்தோயா நிக்கோலாசு அங்கேயே இறந்து, அக்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இவ்வழியில் வந்து திரும்பிச் செல்லாத பயணிகளுள் பெயர் தெரிந்தவர் இவர்.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சீனாவிலிருந்து திரும்பிய வெனிசு நகர மார்க்கோ போலோ இக்கரையைப் பற்றிக் கேட்டறிந்து எழுதினார். தோமாவின் உடல் மாபார் நாட்டில் ஒரு சிற்றூரில் உள்ளது, வணிகர்கள் அதிகம் வராத ஊர் அது, கிறித்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரையாக வருகின்றனர் என்பன அவர் தரும் செய்திகள். மாபார் என்பது சோழமண்டலக் கரைக்கு அரபு வணிகர் இட்ட பெயர். திருத்தூதரின் சாவைப் பற்றிப் போலோ கேட்ட கதை இன்றைய மரபிலிருந்து வேறுபட்டது. மயில்களைக் குறிவைத்த ஒரு வேடனின் அம்பு, வேண்டிக்கொண்டிருந்த தோமாவின் மேல் தவறிப் பாய்ந்தது என்பது அக்கதை. மயில் ஆர்ப்பு ஊர் என்று பெயர் விளக்கம் கூறப்படும் ஓர் ஊரில் மயிலோடு சேர்ந்து இக்கதை வழங்கியதில் வியப்பில்லை.

1320களில் வந்த போர்தனோனே ஒதோரிக், கோயிலைச் சுற்றி 15 நெசுத்தோரியக் கிறித்தவ வீடுகள் இருந்ததாக எழுதினார். நெசுத்தோரியர் என்று மேற்கத்தியர் அழைத்தது பாரசீகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கீழைத் திருச்சபையினரை. 1349 வாக்கில் திருத்தந்தையின் தூதரான மரிஞ்ஞோலி ஜான் இங்கே நான்கு நாள்கள் தங்கினார். கடலில் மிதந்து வந்த பெருமரத்தைத் தோமா கரையேற்றிய கதையை அவர் பதிவுசெய்தார். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த வெனிசு வணிகர் நிக்கோலோ கோந்தி, அழகிய பெரிய கோயிலையும் ஆயிரம் நெசுத்தோரியர்களையும் குறிப்பிடுகிறார்.

இக்குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், மயிலாப்பூரின் கிறித்தவக் குடி ஒரே நிலையில் இருக்கவில்லை என்பது தெரிகிறது. அது ஒரு தலைமுறையில் பெருகி, மற்றொரு தலைமுறையில் சுருங்கியது. மாறாமல் நீடித்தது கல்லறைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்த வழக்கமே.

மலையாளக் கரை யாத்திரிகரும் செம்மண்ணும்

அயல்நாட்டார் எழுதிவைத்ததால் அவர்கள் பெயர் நிலைத்தது. ஆனால் யாத்திரிகருள் பெரும்பான்மையினர் மலையாளக் கரையின் தோமா கிறித்தவர்களே. 1504இல் கேரளத்திலிருந்த கீழைத் திருச்சபை ஆயர்கள் தம் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், மயிலாப்பூரிலுள்ள தோமாவின் இல்லம் தங்கள் இடத்திலிருந்து 25 நாள் பயணத் தொலைவில் கடலோரம் உள்ளதாகவும், கிறித்தவர்கள் சிலர் அங்கே மீண்டும் குடியேறிக் கோயிலைப் பழுதுபார்க்கத் தொடங்கியுள்ளதாகவும் தெரிவித்தனர். போவதற்கு 25 நாள், வருவதற்கு 25 நாள் என்றால், ஒரு குடும்பம் உழவையோ வணிகத்தையோ இரண்டு மாதம் விட்டுவர வேண்டியிருந்தது.

இந்த யாத்திரிகர் எடுத்துச் சென்றது மண். திருத்தூதர் கொல்லப்பட்ட இடத்தின் செந்நிற மண்ணைக் கொண்டுசென்று, தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுத்தனர் என்பதை மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். கோயில் திருநீறும் தர்கா சந்தனமும் வீட்டுக்கு எடுத்துச்செல்லப்படும் நாட்டில் இவ்வழக்கம் எல்லாச் சமயத்தாருக்கும் எளிதில் விளங்கியிருக்கும். யாத்திரையில் முஸ்லிம்களும் பங்கு கொண்டதற்கு இது போன்ற பொது நம்பிக்கை துணைசெய்தது.

1516 வாக்கில் எழுதிய போர்த்துக்கேய அலுவலர் துவார்த்தே பார்போசா, மயிலாப்பூர்க் கோயில் பாழடைந்து கிடந்ததையும், ஓர் ஏழை முஸ்லிம் பக்கிரி பிச்சையெடுத்த பணத்தில் அங்கே விளக்கேற்றிவந்ததையும் கூறுகிறார். கிறித்தவக் குடிகள் குறைந்துபோன காலத்தில் கல்லறையின் விளக்கை அணையாமல் காத்தவர் வேற்றுச் சமயத்தவர் என்பது இவ்வழியின் வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தி.

போர்த்துக்கேயர் வருகை

போர்த்துக்கேயரை மயிலாப்பூருக்கு அழைத்துவந்தவர்கள் ஆர்மீனிய வணிகர்கள். 1517இல் மலாக்காவிலிருந்து திரும்பிய தியோகோ பெர்னாந்திசு முதலிய போர்த்துக்கேயர் பழவேற்காட்டில் இறங்கினர். உடன் பயணம் செய்த ஆர்மீனியர்கள் தோமாவின் கல்லறைக்குச் செல்ல அவர்களையும் அழைத்தனர். சிதைந்த கோயிலைக் கண்டவர்கள் கோவாவுக்குச் செய்தி அனுப்பினர். 1523இல் பழுதுபார்ப்புப் பணியின்போது கல்லறை தோண்டப்பட்டது. எலும்புகளும் ஓர் ஈட்டி முனையும் மண் நிரம்பிய கலமும் கிடைத்ததாகப் போர்த்துக்கேய ஆவணங்கள் கூறுகின்றன.

அதன்பின் கல்லறையைச் சுற்றிச் சான் தோமே என்ற குடியேற்றம் வளர்ந்தது. சாந்தோம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இயேசு சபையைச் சேர்ந்த புனித பிரான்சிஸ் சவேரியார் 1545இல் சில மாதங்கள் இங்கே தங்கினார். 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் நிறுவப்பட்டது. இன்று வழியில் காணப்படும் கோயில்கள் பெரும்பாலும் இக்காலம் முதல் எழுந்தவை.

வழியிலுள்ள முதன்மை இடங்கள்

சாந்தோம் பேராலயம்: திருத்தூதரின் கல்லறை உள்ள இடமாகப் போற்றப்படுகிறது. போர்த்துக்கேயர் கட்டிய கோயில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடிக்கப்பட்டு, இன்றைய வெண்ணிறப் பேராலயம் 1896இல் திறக்கப்பட்டது. கூரிய வளைவுகளும் உயர்ந்த கோபுரமும் உடைய புதிய கோதிக் பாணியில் அது அமைந்தது. 1956இல் இளம் பேராலயம் என்ற சிறப்புநிலை பெற்றது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இங்கு வந்து வேண்டினார். நிலத்தடியில் உள்ள கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனிவழி உண்டு. ஆலயத்துக்குப் பின்னால் கடலை நோக்கி நிற்கும் மரத்தூண், தோமா கரையேற்றிய மரத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. அத்தூணைத் தாண்டிக் கடல் வராது என்பது கரையோர மக்களின் நம்பிக்கை.

1920களின் தொடக்கத்தில் இயேசு சபை அறிஞர் ஹோஸ்தன் இப்பகுதியில் அகழ்ந்து பழம்பொருள்களைத் திரட்டினார். கிறித்தவச் சின்னங்களுடன் இந்துக் கோயில் சிற்பங்களும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் கிடைத்தன. கடற்கரை மயிலாப்பூர் ஒரே சமயத்தாரின் ஊராக என்றும் இருக்கவில்லை என்பதற்கு அவை சான்று.

லஸ் ஆலயம்: பிரகாச மாதா ஆலயம் என்பது இதன் தமிழ்ப் பெயர். லஸ் என்ற போர்த்துக்கேயச் சொல்லுக்கும் ஒளி என்பதே பொருள். கடலில் வழிதவறிய மாலுமிகள் ஓர் ஒளியைப் பின்தொடர்ந்து கரைசேர்ந்தனர் என்றும், ஒளி மறைந்த இடத்தில் கோயில் கட்டினர் என்றும் மரபுக்கதை உண்டு. அக்காலத்தில் மரங்கள் சூழ்ந்த இடமாதலால் மக்கள் இதைக் காட்டுக்கோயில் என்று அழைத்தனர். ஆலயக் கல்வெட்டு 1516ஆம் ஆண்டைக் குறிக்கிறது. ஆயினும் போர்த்துக்கேயர் 1517க்கு முன் மயிலாப்பூரில் இருந்ததற்குப் பிற சான்று இல்லாததால், இந்த ஆண்டை வரலாற்று அறிஞர் சிலர் ஐயுறுகின்றனர். எப்படியாயினும் சென்னையின் மிகப் பழைய ஐரோப்பியக் கட்டடங்களுள் இதுவும் ஒன்று.

தெஸ்கான்சோ ஆலயம்: மந்தைவெளியை அடுத்துப் புனித மரியன்னை சாலையில் உள்ள சிறு கோயில். தெஸ்கான்சோ என்றால் போர்த்துக்கேய மொழியில் இளைப்பாறுதல். மயிலாப்பூருக்கும் மலைக்கும் இடையே நடந்துவந்த தோமா இங்கே இளைப்பாறினார் என்பது மரபு. கால்நடையாக வந்த யாத்திரிகருக்கும் நிழலும் நீரும் தேவைப்படும் தொலைவிலேயே இது அமைந்திருக்கிறது. ஆலயத்தின் பெயரே இப்பாதை ஒருகாலத்தில் நடைவழியாக இருந்ததற்கு அடையாளம்.

மர்மலாங் பாலம்: இவ்வழியின் நினைவுச்சின்னங்களுள் கோயில் அல்லாதது இது. அடையாறு மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும்போது மலைக்குச் செல்லும் யாத்திரிகர் கரையிலேயே நிற்க நேர்ந்தது. சென்னையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான், 1726இல் தம் சொந்தப் பணம் 30,000 வராகனைச் செலவிட்டுச் சைதாப்பேட்டையில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். பரங்கிமலை ஏறும் கற்படிகளையும் அவரே அமைத்தார். பராமரிப்புக்கெனத் தனி நிதியும் ஒதுக்கினார். மர்மலாங் என்பது மாம்பலம் என்ற பெயரின் திரிபு. 1960களில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் எழுந்தது. அது இன்று மறைமலையடிகள் பாலம் எனப்படுகிறது. உஸ்கானின் பெயர் பொறித்த கல் மட்டும் சைதாப்பேட்டைப் பக்கத்தில் எஞ்சியுள்ளது. நாள்தோறும் அதைக் கடப்போருள் பலர் இப்பாலம் யாத்திரிகருக்காக எழுந்தது என்பதை அறியமாட்டார்கள்.

சின்னமலை: ஆற்றைக் கடந்தவுடன் வரும் சிறு பாறைக்குன்று. தோமா மறைந்திருந்ததாகக் கூறப்படும் குகையும், பாறையிலுள்ள கைத்தடம் எனக் காட்டப்படும் குழியும், வற்றாத ஊற்றும் இங்கு உள்ளன. பகைவர் நெருங்கியபோது அவர் குகையின் பின்வழியாகத் தப்பிப் பரங்கிமலைக்குச் சென்றார் என்று மரபு சொல்கிறது. குகையை ஒட்டிப் போர்த்துக்கேயர் 1551இல் கோயில் எழுப்பினர். 1970களில் எழுந்த வட்டவடிவ ஆரோக்கிய அன்னை ஆலயம் இன்று குன்றின் முதன்மைக் கட்டடம். உயிர்த்த ஞாயிறுக்குப் பின் வரும் வாரங்களில் நடைபெறும் சின்னமலைத் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர்.

பரங்கிமலை: வழியின் முடிவிடம். பரங்கியர் என்று அழைக்கப்பட்ட போர்த்துக்கேயரால் இப்பெயர் ஏற்பட்டது. உச்சியில் உள்ள ஆலயம் எதிர்நோக்கு அன்னைக்கு, அதாவது குழந்தைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மரியாவுக்கு, அர்ப்பணிக்கப்பட்டது. இங்கே போர்த்துக்கேயர் கோயில் எழுப்பத் தொடங்கியது 1523இல் என்பர். அடிவாரத்திலிருந்து உஸ்கான் அமைத்த நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் மேலேறுகின்றன. ஆர்மீனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்களையும் மலைமேல் காணலாம்.

இம்மலைக்கு அறிவியல் வரலாற்றிலும் இடமுண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் இந்தியப் பெருநில அளவைப் பணிக்கான முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் அளந்தார். பிற்காலத்தில் இமயத்தின் உயரம் வரை கணித்த அந்த அளவைத் தொடர் இம்மலையடியில்தான் தொடங்கியது.

பரங்கிமலைச் சிலுவை

இவ்வழியில் ஐயமின்றி இடைக்காலத்தைச் சேர்ந்த பொருள் பரங்கிமலைப் பீடத்தில் பதிக்கப்பட்ட கற்சிலுவையே. 1547இல் கோயிலுக்கு அடித்தளம் தோண்டியபோது இது கிடைத்தது. தாமரை போன்ற இதழ்களின் மேல் சிலுவை நிற்க, மேலே இறங்கும் புறா செதுக்கப்பட்டுள்ளது. சுற்றிலும் வளைவாக ஓர் எழுத்து வரி ஓடுகிறது. சிலுவையில் இருந்த கறைகள் திருத்தூதரின் குருதியென்று கொள்ளப்பட்டன. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது கல் வியர்த்ததாகவும், 1704 வரை பலமுறை அவ்வாறு நிகழ்ந்ததாகவும் ஆலயக் குறிப்புகள் கூறுகின்றன. குருதிச் சிலுவை என்ற பெயர் இதனால் வந்தது.

வளைவில் உள்ள எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. 1561இல் உள்நாட்டு அறிஞர் ஒருவரைக் கொண்டு போர்த்துக்கேயர் அதைப் படிக்கச் செய்தனர். தோமாவின் வருகையையும் சாவையும் விரித்துக் கூறும் நீண்ட வாசகம் அப்போது கிடைத்தது. ஐரோப்பா வரை அது உண்மையென்றே பரவியது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1873இல், தென்னிந்தியக் கல்வெட்டு அறிஞர் பர்னல் அந்த எழுத்து பகலவி, அதாவது பழைய பாரசீக எழுத்து, என்று கண்டுபிடித்தார். இதே வாசகம் கொண்ட சிலுவைகள் கோட்டயம் வலியபள்ளி முதலான கேரளக் கோயில்களிலும் உள்ளன. இலங்கை அனுராதபுரத்தில் 1912இல் கிடைத்த சிலுவை வடிவில் ஒத்தது, ஆனால் எழுத்து இல்லாதது.

வாசகத்தின் சில சொற்களில் அறிஞர்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். எனினும் அது ஒரு குறுகிய வேண்டுதல் என்பதில் ஐயமில்லை. பெரிதும் ஏற்கப்பட்ட ஒரு வாசிப்பின்படி, சிலுவையைச் செதுக்கிய சிரியர் ஒருவருக்குக் கிறித்து இரங்க வேண்டும் என்று அது கேட்கிறது. செதுக்கியவர் பெயர் சஹார்புக்தின் மகன் அஃப்ராசு. எழுத்தின் வடிவைக் கொண்டு கி.பி. 6 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையான காலம் சொல்லப்படுகிறது.

இவ்வாசகத்தில் தோமாவின் பெயர் இல்லை. திருத்தூதர் இம்மலையில் இறந்தார் என்பதற்கு இக்கல் சான்றாகாது. ஆனால் அது வேறொன்றைச் சந்தேகமின்றி நிறுவுகிறது. போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாரசீக மொழி வழங்கிய கிறித்தவர்கள் கடல்கடந்து வந்து இம்மலையில் வழிபட்டுள்ளனர். மரபு சொல்வதை விடச் சிறிய செய்தி இது. ஆயினும் அக்கால மனிதர் ஒருவரின் வேண்டுதலை அவர் கையாலேயே வெட்டப்பட்ட எழுத்தில் தருவது இந்தக் கல்தான்.

தெற்குக் கடற்கரை

மயிலாப்பூருக்குத் தெற்கே உள்ள கடற்கரையில் இடைக்காலக் கிறித்தவச் சின்னங்கள் அறியப்படவில்லை. அங்குள்ள ஆலயங்கள் பிற்காலத்தவை. கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தை 1808இல் கட்டியவர் ஜான் தெ மாந்தி என்னும் போர்த்துக்கேய வழி வணிகர். 1821இல் இறந்த அவருடைய கல்லறையும் அங்கேயே உள்ளது. மீனவர் குடியிருப்பை ஒட்டிய அந்த ஆலயம் மாமல்லபுரம் செல்லும் சாலையில் குறிப்பிடத்தக்க அடையாளம். செங்கல்பட்டுக்குத் தெற்கே அச்சிறுபாக்கம் குன்றில் உள்ள மழைமலை மாதா அருள்தலம் 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. 2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் தனியாக அமைந்தபோது பரங்கிமலையும் இத்தலமும் ஒரே மறைமாவட்டத்துக்குள் வந்தன.

இக்கரையில் நடைப்பயணம் இன்றும் நின்றுவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் காவியுடை அணிந்த கூட்டங்கள் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கோவளம், மாமல்லபுரம் கடந்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்கின்றன. செப்டம்பர் 8ஆம் நாள் அங்கு நடக்கும் மாதா திருவிழாவே அவர்களுடைய இலக்கு. திசையும் தலமும் வேறு. ஆனால் கடலோரமாக நடந்து சென்று வேண்டுதல் நிறைவேற்றும் வழக்கம் ஒன்றே.

இன்றைய நிலை

திருத்தூதர்களின் கல்லறை மேல் எழுந்தவையாகப் போற்றப்படும் பேராலயங்கள் உலகில் சிலவே. உரோமில் பேதுருவுக்கும், இசுபெயினின் சந்தியாகோ தெ கொம்போசுதெலாவில் யாக்கோபுக்கும் உள்ளவற்றோடு சாந்தோமும் வைத்து எண்ணப்படுகிறது. சந்தியாகோ செல்லும் பாதைகளை இன்றும் ஆயிரக்கணக்கானோர் நடந்தே கடக்கின்றனர். வழிநெடுக அடையாளக் கற்களும் தங்குமிடங்களும் உண்டு. தோமையார் வழியை அப்படி ஒரே பாதையாக நடப்போர் குறைவு. யாத்திரிகர் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் பேருந்திலோ மெட்ரோ இரயிலிலோ செல்கின்றனர். சின்னமலையும் பரங்கிமலையும் மெட்ரோ நிலையங்களின் பெயர்களாகவும் வழங்குகின்றன.

தோமாவின் திருநாள் ஜூலை 3ஆம் நாளும், பரங்கிமலை அன்னையின் திருநாள் டிசம்பர் 18ஆம் நாளையொட்டியும் கொண்டாடப்படுகின்றன. இந்நாள்களில் கேரளத்திலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்களுடைய முன்னோருக்கு 25 நாளான பயணம் இன்று ஓர் இரவு இரயில் பயணமாகச் சுருங்கிவிட்டது.

இவ்வழியைக் காண விரும்பும் மாணவர்கள் சாந்தோமில் தொடங்கி லஸ், தெஸ்கான்சோ, சைதாப்பேட்டைப் பாலக்கல், சின்னமலை, பரங்கிமலை என்ற வரிசையில் சென்றால் ஒரே நாளில் முடிக்கலாம். கட்டடங்களைப் பார்க்கும்போது அவற்றின் ஆண்டையும், கதையைக் கேட்கும்போது அது முதலில் எழுதப்பட்ட காலத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. அவ்வாறு பார்த்தால், சிரியர், மலையாளக் கரையினர், முஸ்லிம்கள், ஆர்மீனியர், போர்த்துக்கேயர், தமிழர் என ஒவ்வொரு காலத்தவரும் தம் பங்குக்கு ஒரு கல்லையோ ஒரு விளக்கையோ ஒரு பாலத்தையோ இவ்வழியில் விட்டுச்சென்றது புலப்படும்.